சூரியகாந்தியின் தாய்வீடு
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பள்ளியில் படித்துக் கொண்டிருந்த காலத்தில் என் தந்தையார் ஒரு ஏக்கரில் சூரியகாந்தி பயிர் செய்தார். பயிர் செழிப்பாக வந்தது. பூக்கொண்டை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. வழியில் போவோர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அறுவடை செய்து, அடித்து, தூற்றியபோது பாதி காற்றோடு போயிற்று. கொண்டையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்திற்குத்தான் விதை இருந்தது. நடுப்பகுதி முழுவதும் பொக்கு. மூட்டையைத் தூக்கினால் கை கனக்கவில்லை. "உரம் போதவில்லை போலிருக்கிறது" என்றார் தந்தையார்.

உரம் போதாமல் இல்லை. பூ விரிந்து நின்ற நாள்களில், காலை பத்து மணிக்கு, காய்ப்புழுவுக்காக மருந்து தெளித்தோம். விசைத்தெளிப்பானுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தவன் நான். அன்று மாலை பாத்தியில் தேனீக்கள் விழுந்து கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்ததற்கும் பொக்கு விதைக்கும் உள்ள தொடர்பு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேளாண்மைப் படிப்புக்கு வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

அந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள இந்தச் செடி பிறந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருமகளின் குணம் பிறந்த வீட்டைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். பயிருக்கும் அது பொருந்தும்.

பிறந்த இடம்

சூரியகாந்தி நம் நாட்டுச் செடி அன்று. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்று அழைக்கப்படும் பெரும்புல்வெளிகள் உண்டு. அங்கே தானாக முளைத்துப் பூக்கும் காட்டுப்பூ இது. அந்நாட்டின் கான்சஸ் மாநிலம் 1903-ஆம் ஆண்டில் காட்டுச் சூரியகாந்தியைத் தன் மாநில மலராக அறிவித்தது.

காட்டுச் சூரியகாந்தியை நீங்கள் பார்த்தால் உங்கள் வயலில் உள்ளதற்கு உறவு என்று உடனே சொல்ல மாட்டீர்கள். நம் செடி ஒரே தண்டு, ஒரே கொண்டை. காட்டுச் செடியோ புதர் போலப் பல கிளைகள் விட்டு, கிளைக்குக் கிளை சிறு பூக்களைத் தாங்கி நிற்கும். விதை மிகச் சிறியது. ஒரே நாளில் எல்லாப் பூவும் விரியாது. கோடையின் பிற்பகுதியிலிருந்து பனிக்காலம் நெருங்கும் வரை ஒன்று மாற்றி ஒன்றாக விரிந்துகொண்டே இருக்கும். மழை தப்பினாலும் ஆழமாக வேர் விட்டுத் தாங்கும்.

அந்த மண்ணின் பழங்குடி மக்கள் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிராக்கிவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் பெரிய விதையாகப் பொறுக்கி எடுத்து விதைத்து விதைத்து, ஒற்றைத் தண்டும் பெரிய கொண்டையும் உள்ள செடியை உருவாக்கினார்கள். மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா இனப் பெண்கள் வசந்த காலத்தில் முதன்முதலாக ஊன்றிய விதை சூரியகாந்திதான். அதையும் வயலின் நடுவில் ஊன்றவில்லை. சுற்று ஓரத்தில் ஊன்றினார்கள். நிலக்கடலை வயலைச் சுற்றி நாம் ஆமணக்கு ஊன்றுவது போலத்தான்.

ஒரு கொண்டை ஒரு பூவன்று

நாம் ஒரு பூ என்று சொல்லும் சூரியகாந்திக் கொண்டை உண்மையில் ஆயிரம், இரண்டாயிரம் சிறு பூக்களின் கூட்டம். ஓரத்தில் மஞ்சள் இதழாகத் தெரிபவை விதை பிடிக்காத மலட்டுப் பூக்கள். தேனீயை அழைப்பதற்கான கொடி மாதிரி அவை. நடுவில் வட்டமாக அடுக்கியிருக்கும் சிறு குழல் பூக்களே விதையாகின்றன. ஒரு குழல் பூவுக்கு ஒரு விதை. அந்தப் பூவுக்கு மகரந்தம் சேரவில்லையானால் அந்த இடத்தில் உமி இருக்கும், பருப்பு இருக்காது. அதுதான் பொக்கு.

குழல் பூக்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நாளுக்குச் சில வரிசைகளாக விரியும். முழுக் கொண்டையும் விரிந்து முடிய ஐந்து முதல் பத்து நாள்கள் ஆகும். ஒவ்வொரு பூவிலும் முதலில் மகரந்தம் வெளிப்படும். அதன் பிறகே சூல்முடி தலைகாட்டும். அதாவது, தன் மகரந்தம் தனக்கே சேருவதைச் செடி தவிர்க்கப் பார்க்கிறது. காட்டுச் சூரியகாந்தி ஒருபடி மேலே போய், தன் செடியின் மகரந்தம் சேர்ந்தாலும் ஏற்காது. பக்கத்துச் செடியின் மகரந்தம்தான் வேண்டும்.

இதற்குக் காற்று உதவுமா என்றால், பெரிதாக உதவாது. மக்காச்சோளத்தின் மகரந்தம் பொடிப்பொடியாகப் பறக்கும். சூரியகாந்தியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, முள்முள்ளானது. பூச்சியின் உடல் மயிரில் ஒட்டிக்கொண்டு போவதற்கென்றே அமைந்தது அது. இன்றைய வீரிய ஒட்டு இரகங்கள் தன் மகரந்தத்தையும் ஓரளவு ஏற்கும்படி உருவாக்கப்பட்டவைதாம். அவற்றிலும் தேனீ வந்து போன வயலில் விதை நன்கு நிரம்புகிறது, எடையும் கூடுகிறது.

இன்னொரு செய்தி. இளஞ்செடி சூரியனைத் தொடர்ந்து திரும்பும். பூ விரிந்த பிறகு கொண்டை கிழக்குப் பார்த்தபடி நின்றுவிடும். இது எதற்கு என்று கலிபோர்னியாவில் ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தொட்டியில் இருந்த செடிகளைச் சிலவற்றை மேற்குப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். கிழக்குப் பார்த்த பூக்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாகப் பூச்சிகள் வந்தன. காலை வெயிலில் அந்தப் பூ சீக்கிரம் சூடேறுவதே காரணம். ஆகவே காலை நேரம்தான் சூரியகாந்தியின் சந்தை நேரம். அந்த நேரத்தில்தான் நாங்கள் மருந்து தெளித்தோம்.

யார் யார் வருகிறார்கள்?

நாம் பெட்டியில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீ அமெரிக்காவின் சொந்தத் தேனீ அன்று. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டு போனது. அதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சூரியகாந்திக்கு மகரந்தம் சேர்த்தவை, கூட்டமாக வாழாத தனித் தேனீக்கள். அவற்றில் சில இனங்கள் சூரியகாந்திக் குடும்பத்துப் பூவையே நம்பி வாழ்கின்றன. பெண் தேனீ மண்ணில் வளை தோண்டி, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிடும். குஞ்சு அந்த மகரந்தத்தைத் தின்று வளர்ந்து, மறு ஆண்டு பூ விரியும் பருவத்தில் மண்ணைவிட்டு வெளியே வரும். பூ இல்லையேல் அந்தத் தேனீ இல்லை. அத்தகைய தேனீக்கள் குறைந்தால் காட்டுப் பூவுக்கு விதையும் குறையும்.

பூவோடு விருந்து முடிவதில்லை. சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் காட்டுச் சூரியகாந்தி இலையைத் தின்று வளர்கின்றன. விதை முற்றியதும் கோல்டுஃபிஞ்ச் என்னும் மஞ்சள் நிறச் சிறு குருவி வந்து கொத்துகிறது. மற்றக் குருவிகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகுதான் இது கூடு கட்டும். விதைகள் முற்றும் காலத்திற்காகக் காத்திருக்கும். காடை இனங்களும் உதிர்ந்த விதையைப் பொறுக்குகின்றன. பனிக்காலத்தில் காய்ந்த தண்டுகள் அவற்றுக்கு மறைவிடமாகின்றன.

புல்வெளி போன கதை

உயரமான புல் வளர்ந்த பிரெய்ரி மட்டும் ஒரு காலத்தில் ஏறக்குறைய 17 கோடி ஏக்கரில் இருந்தது. இன்று 4 விழுக்காடு கூட மிஞ்சவில்லை. அங்குள்ள புல்லின் வேர்கள் பின்னிப் பிணைந்து இறங்கியிருந்ததால் பழைய கலப்பை அந்த மண்ணில் ஓடவில்லை. மண் கொழுவில் அப்பிக்கொண்டது. 1837-ஆம் ஆண்டில் ஜான் டீர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகுக் கலப்பையைச் செய்தார். அதன் பிறகு உழவு வேகமாகப் பரவியது. கறுப்பு மண், நல்ல விளைச்சல். யார்தான் உழாமல் விடுவார்கள்? கான்சஸ் மாநிலத்தின் பிளிண்ட் குன்றுகளில் மட்டும் மேல்மண் மெலிந்து, அடியில் கல் கிடந்ததால் உழ முடியாமல் மேய்ச்சல் நிலமாகவே விட்டார்கள். அதனால் அங்கே புல்வெளி பிழைத்தது. 1996-ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி தேசியக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

மேற்கே, மழை குறைந்த குட்டைப்புல் சமவெளிகளிலும் புல்லைப் பெயர்த்துக் கோதுமை விதைத்தார்கள். 1930-களில் வறட்சி வந்தது. பிடித்து வைக்க வேர் இல்லாத மண் காற்றில் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகலில் இருள் சூழும் அளவுக்குப் புழுதிப் புயல் வீசியது. மக்கள் ஊரைவிட்டே வெளியேறினார்கள். அதே ஆண்டில்தான் மண் பாதுகாப்புக்கென்று அந்நாட்டு அரசு தனித் துறை அமைத்தது.

பூமியைத் திருப்பிக் கொடுக்காமல் பூவைத் திருப்பியவர்கள்

இனி அவ்வளவு நிலத்தையும் மறுபடி புல்வெளியாக்க முடியாது. உழவர்கள் பிழைக்க வேண்டுமல்லவா? அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007-ஆம் ஆண்டு முதல் ஒரு நடுவழியைச் சோதித்தார்கள். மக்காச்சோளமும் சோயாமொச்சையும் விளையும் சரிவு நிலத்தில், பத்தில் ஒரு பங்கு இடத்தை மட்டும் எடுத்து, சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரெய்ரிப் புல்லையும் காட்டுப்பூக்களையும் விதைத்தார்கள்.

2017-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவுகளைக் கேளுங்கள். முழுவதும் பயிர் செய்த நிலத்தோடு ஒப்பிட்டால், பட்டைகள் உள்ள நிலத்தில் மண் 20 மடங்கு அதிகமாகக் காக்கப்பட்டது. வழிந்தோடிய நீர் 37 விழுக்காடு குறைந்தது. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளின் எண்ணிக்கை 3.5 மடங்கானது. பறவை இனங்கள் இரட்டிப்பாயின. இழந்தது பத்தில் ஒரு பங்கு நிலத்தின் விளைச்சல் மட்டுமே. மீதி நிலத்தின் விளைச்சல் குறையவில்லை. அதன் பிறகு அந்நாட்டின் 2018-ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் இந்தப் பட்டைகளுக்கு அரசு உதவி கிடைக்க வழி செய்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நாட்டிலும் மக்காச்சோள வயலுக்குள் முளைத்தால் காட்டுச் சூரியகாந்தி களைதான். அதை எடுக்கத்தான் செய்கிறார்கள். சூரியகாந்தி அதிகம் விளையும் வடக்கு டகோட்டாவில் கரும்பறவைகள் கூட்டமாக இறங்கி விதையைக் கொத்தி இழப்பை உண்டாக்குகின்றன. நம் ஊர்க் கிளித் தொல்லை போலத்தான். இயற்கை எல்லாம் இலாபம் என்று யாரும் சொல்லவில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்து வைப்பதுதான் உழவு.

நம் வயலுக்கு வந்த வழி

இந்தப் பூ 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராயிற்று. அங்கே புஸ்தவோய்த் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் உழைத்து, விதையில் எண்ணெய் அளவை ஏறக்குறைய 50 விழுக்காட்டுக்கு உயர்த்தினார். 1969-ஆம் ஆண்டில் அந்தச் சோவியத் இரகங்கள் இந்தியாவுக்கு வந்தன. நம் நாட்டில் எண்ணெய்க்காகச் சூரியகாந்தி பயிரிடும் முறை அப்போதுதான் தொடங்கியது.

அதே 1969-ஆம் ஆண்டில் பிரான்சில் இன்னொன்று நடந்தது. பிரெய்ரியில் மணற்பாங்கான இடங்களில் வளரும் வேறொரு காட்டுச் சூரியகாந்தி உண்டு. அதன் பெயரே பிரெய்ரிச் சூரியகாந்தி. லெக்லெர்க் என்ற விஞ்ஞானி அதைப் பயிர்ச் சூரியகாந்தியோடு ஒட்டுச் சேர்த்து, மகரந்தம் உண்டாகாத பெண் செடியைக் கண்டெடுத்தார். வீரிய ஒட்டு விதை உற்பத்திக்கு அதுவே வழி திறந்தது. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1980-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சூரியகாந்தியான பி.எஸ்.எச். 1 வெளிவந்தது. இன்று உலகில் விற்கப்படும் வீரிய ஒட்டுச் சூரியகாந்தி விதைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்தக் காட்டுப்பூவின் பண்பு இருக்கிறது. நீங்கள் கடையில் வாங்கும் விதைப் பையிலும் அது இருக்கிறது. யாரும் உழாமல் விட்ட ஒரு மணல்மேட்டுப் பூ இல்லாமற் போயிருந்தால், இந்த விதையும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

நமக்கு வேண்டிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி இன்று கப்பலில்தான் வருகிறது. இந்தப் பயிரைச் செய்யும் உழவருக்கு ஒரு பொக்கு விதையும் இழப்புத்தான். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

1. பூ விரியத் தொடங்கியதிலிருந்து முடியும் வரை பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிருங்கள். மொட்டுப் பருவம் வரையிலேயே வயலைக் கவனித்துப் பூச்சியை அடக்குங்கள். காய்ப்புழுவுக்கு எக்டருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைக்கலாம். புழு கண்டால் அதற்கான என்.பி.வி. வைரஸ் கரைசலை மாலையில் தெளிக்கலாம். இது தேனீயைக் கொல்லாது. வேறு மருந்து தவிர்க்கவே முடியாது என்றால், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பொழுது சாயும் வேளையில் தெளியுங்கள். பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. பூக்கும் சமயத்தில் எக்டருக்கு 5 தேனீப் பெட்டிகள் வையுங்கள். ஏக்கருக்கு இரண்டு போதும்.

3. தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால் கையால் மகரந்தம் சேருங்கள். காலை 9 மணி முதல் 11 மணிக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லிய துணியில் பஞ்சை வைத்துக் கட்டிக் கொண்டையின்மேல் மெதுவாகத் தேயுங்கள். அடுத்தடுத்த இரு கொண்டைகளை முகத்தோடு முகம் சேர்த்து இலேசாகத் தேய்த்தாலும் சரி.

4. ஓரத்து மஞ்சள் இதழ்கள் விரியும் தருணத்தில், லிட்டருக்கு 2 கிராம் வீதம் வெண்காரத்தை முதலில் சிறிது சுடுநீரில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்துக் கொண்டை நனையத் தெளியுங்கள். விதை பிடிக்க இது உதவும். இதையும் மாலையிலேயே செய்யுங்கள்.

5. வரப்பு ஓரத்தில் சிறிது இடத்தைக் கொத்தாமல், உழாமல், களைக்கொல்லி அடிக்காமல் விடுங்கள். நம் ஊரிலும் மண்ணில் வளை தோண்டும் தனித் தேனீக்கள் உண்டு. அவற்றுக்கு அதுவே வீடு.

6. அக்கம்பக்கத்தார் கலந்து பேசி ஒரே சமயத்தில் விதையுங்கள். தனித்து விதைத்த வயலில்தான் கிளி முழுக் கூட்டமாக இறங்கும். பளபளக்கும் நாடா கட்டுங்கள். காலையும் மாலையும் காவல் இருங்கள்.

இரண்டு ஐயங்கள்

"பெட்டித் தேனீ இருக்கும்போது காட்டுத் தேனீ எதற்கு?" என்று கேட்பீர்கள். 1991-92-ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டுப் பெட்டிகளில் புகுந்து இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. மூத்த உழவர்களுக்கு அது நினைவிருக்கும். ஒன்றையே நம்பினால் அது சாயும்போது நாமும் சாய்வோம். மேலும், காட்டுத் தேனீக்கள் உள்ள வயலில் பெட்டித் தேனீயின் வேலையும் கூடுகிறது என்று கலிபோர்னியாவில் விதை உற்பத்தி வயல்களில் ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறார்கள். காட்டுத் தேனீ குறுக்கிடுவதால் பெட்டித் தேனீ ஒரே வரிசையில் நில்லாமல் ஆண் வரிசைக்கும் பெண் வரிசைக்குமாக அலைகிறது. மகரந்தம் இடம் மாறுகிறது.

"அந்தக் காட்டுப்பூ விதையை வரவழைத்து வரப்பில் போடலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த பார்த்தீனியம் நம் நிலத்தை என்ன பாடு படுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் இதே குடும்பத்துச் செடிதான். பிரெய்ரிப் பூவின் இடம் பிரெய்ரி. அங்கிருந்து நாம் எடுக்க வேண்டியது விதையை அன்று, முறையை. நம் வரப்புக்கு நம் செடிகள் இருக்கின்றன. தும்பையும் துளசியும் வரப்பில் நிற்கட்டும். எள், கொத்தமல்லி, துவரை ஆகியவை பக்கத்து நிலத்தில் முன்னும் பின்னுமாகப் பூக்கட்டும். வேலியோரத்தில் புங்கமும் முருங்கையும் இருக்கட்டும். சூரியகாந்தி பூக்காத மாதங்களிலும் தேனீ பட்டினி கிடக்கக் கூடாது என்பதே நோக்கம்.

நான் வேலையில் சேர்ந்த பிறகு எங்கள் நிலத்தில் தந்தையார் மறுபடி சூரியகாந்தி விதைத்தார். பூ விரிந்த நாள்களில் தெளிப்பானை வீட்டை விட்டு எடுக்கவில்லை. காலையில் பஞ்சுத் துணியோடு வயலில் இறங்கினோம். அந்த முறை தூற்றும்போது காற்றோடு போனது குறைவு. தந்தையார் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த சாக்கை எடுத்துப் பிடித்தார்.

நாளை காலை உங்கள் வயலில் ஒரு சூரியகாந்திக் கொண்டையின் எதிரே கால் மணி நேரம் நின்று பாருங்கள். எத்தனை பூச்சிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றும் வரவில்லையானால், அறுவடை வரை காத்திராமல் அன்றே துணியும் பஞ்சும் எடுங்கள். ஐயம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை நாடுங்கள்.